தோற்றவன் கூப்பிட வேண்டும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பச்சைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். எங்கள் ஊரில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஹார்வில் கல்லூரி ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் அள்ளிக்கொண்டு ஓடும் எங்கள் அமெரிக்க ஃபுட்பால், ஆடும் மூன்று மாதமும் அந்தச் சட்டைக்குச் சோப்பைக் காட்டக் கூடாது. துவைத்தால் அதிர்ஷ்டம் அழுக்குத் தண்ணீரோடு போய்விடும். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த விரதம் இது ஒன்றுதான். அதை நானே முறித்தேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இரண்டு தடவை அலசினேன்.

மறுநாள் ஸ்டேட் கல்லூரியோடு ஆட்டம். என் அணி தோற்க வேண்டும். தோற்றால்தான் நான் என் அண்ணனைக் கூப்பிட முடியும்.

அண்ணன் ராய்ஸ் ஸ்டேட்டில் படித்தவன். நான் ஹார்வில். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் எங்களுக்குள் ஒரு சட்டம் வந்தது. தோற்ற அணிக்காரன் அன்றைக்கே, ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காருமுன், ஜெயித்தவனுக்குப் போன் பண்ண வேண்டும். "உங்க பசங்க நல்லா ஆடினாங்க" என்று சொல்ல வேண்டும். நடுவரைக் குறை சொல்லக் கூடாது, மழையைச் சொல்லக் கூடாது, எவன் கணுக்கால் சுளுக்கியது என்ற பேச்சே கூடாது. ஜெயித்தவன் மட்டும் எந்தக் காரணத்துக்கும் தானாகக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது.

நாற்பது வருஷம் ஒரு தடவைகூட இந்தச் சட்டம் தவறவில்லை. ராய்ஸ் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்த வருஷம், யாருடைய போனையோ இரவல் வாங்கிக் கூப்பிட்டான். என் மனைவி என்னை விட்டுப் போன வருஷம் ஹார்வில் தோற்றது. கூப்பிட்டேன். அவன் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் தடுப்பாட்டம் ஏன் ஓட்டை என்று ஒரு மணி நேரம் விளக்கினான். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் அந்தக் குளிர்காலத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டு ஆண்களுக்கு இதற்கு மேல் அன்பு காட்டத் தெரியாது.

அப்புறம் அம்மா போனாள். எங்கள் அலபாமா பக்கம் இந்த இரண்டு கல்லூரியும் மோதும் சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். வைத்தால் மாப்பிள்ளையே வர மாட்டான். ஆனால் அம்மாவை அடக்கம் செய்ய வாய்த்த நாள் அதுதான். நான் ஆட்டத்தின் ரேடியோ வர்ணனை கேட்க இடது காதில் ஒரு சின்ன ஹெட்போனைச் செருகிக்கொண்டு குழிமேட்டில் நின்றேன். ஆமாம், நின்றேன். பாஸ்டர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது, கடைசி நொடியில் ஹார்வில் பையன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய் விழுந்து, நாங்கள் ஜெயித்துவிட்டோம். நான் சிரித்துவிட்டேன். சத்தமில்லை, முகம் மட்டும். நிமிர்ந்து பார்த்தால், பெட்டிக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்கு அவன் கூப்பிடவில்லை. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. மறுவாரம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஜெனெல் வாசல் கதவைப் பாதி திறந்து, "அவர் தூங்குறார், ஹோலிஸ்" என்றாள். மத்தியானம் நாலு மணி. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆட்டத்தில் தோற்றால் கூப்பிட ஒரு சாக்கு கிடைக்கும் என்று காத்திருந்தேன். அந்த ஹார்வில் பாவிகள் அடுத்த இரண்டு வருஷமும் ஜெயித்துத் தொலைத்தார்கள்; ராய்ஸும் கூப்பிடவில்லை.

இந்த வருஷம்தான் விடிவுகாலம். பத்து ஆட்டத்தில் எட்டில் ஹார்வில் மண்ணைக் கவ்வியிருந்தது. ஸ்டேட்டுக்கோ ஒன்பது வெற்றி.

சனிக்கிழமை காலை எர்லீனின் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். ஊரில் பெரிய டிவி அங்கேதான். சோளக்கஞ்சியும் சாஸேஜுமாகக் கடை நிரம்பிக் கிடந்தது, ஒரு பக்கம் எங்கள் பச்சை, ஒரு பக்கம் ஸ்டேட்டின் சிவப்பு. என் வழக்கமான மேஜையில் டூயி உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுவதில் இருபது வருஷமாக எனக்குக் கூட்டாளி, ஸ்டேட்டுக்காக உயிரை விடுகிறவன்.

நான் உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினான். "என்னடா வாசனை? சோப்பு?" என் சட்டைக் கையைப் பிடித்து மோந்து பார்த்தான். "அடப்பாவி! சட்டையத் துவைச்சியா? மிஸ் எர்லீன்! இங்க வாங்க, இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு!"

எர்லீன் காபிக் கெட்டிலோடு வந்தாள். "உடம்புக்கு முடியலையா கண்ணு?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கேன். எப்படியும் தோக்கப் போறோம். அழுக்குச் சட்டையோட எதுக்குத் தோக்கணும்? எங்க பசங்களுக்கு இந்த வருஷம் பந்து எது, பரங்கிக்காய் எதுன்னே தெரியல."

டூயிக்கு என் அடக்கம் பிடிக்கவில்லை. சண்டைக்கு வந்தவனுக்கு எதிராளி கிடைக்காவிட்டால் எப்படி இருக்கும்? "அப்படிச் சொல்லாதடா. போன மாசம் என்ன நடந்துச்சு? நாங்க அந்த வாத்தியார் காலேஜ்கிட்ட தோத்தோம். அவனுங்க ஸ்டேடியத்துல பாதிப் பக்கம் சோளக்காடுடா! எங்கள ஜெயிச்சுட்டு மறு வாரமே யார்கிட்டயோ நாப்பது பாயிண்ட்ல உதை வாங்குனானுங்க. இதுல என்ன கணக்குப் போடுவ?"

"அது வேற. இது கண்டிப்பா முப்பது பாயிண்ட்ல தோப்போம்."

"பத்தொம்பது வயசுப் பசங்கடா அவனுங்க. காலைல காதலி போன எடுக்கலன்னா சாயங்காலம் பந்தப் புடிக்க மாட்டானுங்க. அவனுங்கள நம்பித்தான் நாம உயிர வச்சிருக்கோம்." அவன் கஞ்சியை விழுங்கிவிட்டு என்னை உற்றுப் பார்த்தான். "ராய்ஸ் விஷயமா?"

நான் காபியைக் கலக்க ஆரம்பித்தேன்.

"தோத்தாத்தான் கூப்பிடுவியா? சும்மா கூப்பிட்டா போன் கடிச்சிருமா?"

"ஜெயிச்சவன் கூப்பிட்டா அவன் என்னன்னு நெனப்பான்? அம்மா குழிமேட்டுல சிரிச்சவன் இன்னும் சிரிக்கிறான்னு நெனப்பான்."

டூயி அதற்கப்புறம் கேலி பண்ணவில்லை. அவன் சாஸேஜில் ஒன்றை என் தட்டில் வைத்தான்.

ஆட்டம் பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. எங்கள் பையன்கள் எனக்கென்றே சதி செய்ததுபோல ஆடினார்கள். முப்பது பாயிண்ட் வித்தியாசம் வரவே இல்லை. கடைசி நாற்பது நொடி இருக்கும்போது பதினாறுக்குப் பதினாலு, ஸ்டேட் முன்னால். பந்தும் அவர்கள் கையில். இனி அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பந்தை வாங்கி ஒரு முட்டி போட்டு உட்கார்ந்தால் நேரம் ஓடிவிடும். டூயி தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான். நான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

ஸ்டேட் பையன் கையிலிருந்து பந்து நழுவியது.

எப்படி நழுவியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மழை இல்லை, யாரும் இடிக்கவும் இல்லை. அது உருண்டு போய் எங்கள் அணியின் தடியன் ஒருவன் காலடியில் நின்றது. மற்றவர்களை முட்டித் தள்ளுவதற்கென்றே வைத்திருக்கும் நூற்றைம்பது கிலோப் பையன். பிறந்ததிலிருந்து ஆட்டத்தில் பந்தைத் தொட்டிருக்க மாட்டான். அதை அள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

"விழுடா!" என்று கத்தினேன். "படுத்துக்கடா மடையா!"

அறுபது கஜம். அவன் ஓடினதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. பின்னால் இரண்டு சிவப்புச் சட்டை நெருங்கியது. அப்போது என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது. "ஓடு! ஓடுடா என் ராசா!" நான் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தேன். அவன் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்து, ஆட்டம் எங்கள் கைக்கு வந்ததும் இரண்டு கையையும் தூக்கிக் கூச்சல் போட்டேன். யார் யாரோ வந்து கட்டிப்பிடித்தார்கள். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. பத்து நொடி கழித்துத்தான் மேஜைமேல் இருந்த போன் கண்ணில் பட்டது. அம்மாவை இன்றைக்கு அடக்கம் செய்தாலும் இதேதான் செய்வேன் என்று புரிந்தது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

டூயி தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிமிராமலே சொன்னான். "போடா வீட்டுக்கு. போய்க் கூப்பிடு. சட்டமாவது மண்ணாவது."

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து எதிரே உட்கார்ந்தேன். அவன் கூப்பிட வேண்டிய முறை. சிக்னல் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். எர்லீன் கட்டிக் கொடுத்த பொரித்த கோழி அப்படியே ஆறிப்போனது. சாப்பிட்டால் அன்றைய கெடு முடிந்துவிடும் என்று அதைத் தொடவில்லை. நாலரைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் இலை கூட்டினான். ஐந்து மணிக்கு வெயில் இறங்கிவிட்டது. எனக்கு அவன் குரல் வேண்டும். தடுப்பாட்டத்தைத் திட்டினாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி. அறுபத்தோரு வயது ஆள் இப்படி ஏங்குவான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஐந்தேகாலுக்கு நானே கூப்பிட்டேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

"ஜெயிச்சவன் கூப்பிடக் கூடாது." அதே கரகரத்த குரல். கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது.

"தெரியும்."

"பின்ன எதுக்குக் கூப்பிட்ட?"

"அன்னைக்குச் சிரிச்சுட்டேன் ராய்ஸ். அதச் சொல்லத்தான். மூணு வருஷமா அதச் சொல்லத்தான் தோக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அந்த வருஷம் ஜெனெல் எனக்குக் காது மெஷின் வாங்கிக் குடுத்தா," என்றான். "ரெண்டு காதுக்கும். அதுல போன் பேசலாம். ரேடியோவும் வரும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அம்மா செத்த நாள்லேர்ந்து எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரல, ஹோலிஸ். ஆஸ்பத்திரில வரல, பெட்டிய மூடுறப்ப வரல. அந்தப் பந்து உள்ள போச்சு பாரு, அப்பதான் அழுதேன். அப்படி அழுதேன். எல்லாரும் வந்து என்னக் கட்டிப்புடிச்சு, பாவம் பெரியவன், அம்மா மேல உசுரையே வச்சிருந்தான்னு சொன்னாங்க. நீயும்தான் தோள்ல கை வச்ச." மூச்சு வாங்கினான். "உன்னக் கூப்பிட்டா, நல்லா ஆடினாங்கன்னு சொல்லணும். சொன்னா, நானும் கேட்டேன்னு ஆயிடும்ல. அதான் கூப்பிடல."

சேர்ந்தே தப்புப் பண்ணிவிட்டு ஆளுக்கொரு ஊரில் மூன்று வருஷம் ஒளிந்துகிடந்திருக்கிறோம். "கிளம்பி வரட்டுமா?" என்று கேட்டேன். நாற்பது நிமிஷ வழிதான்.

"இன்னைக்கு வேணாம். இன்னைக்கு உன் மூஞ்சியப் பாத்தா அந்தத் தடியன்தான் ஞாபகத்துக்கு வருவான், அடிச்சிருவேன். நாளைக்குச் சர்ச் முடிஞ்சு வா. அம்மாகிட்டப் போய்ட்டு வரலாம்." அதோடு விடவில்லை. "காதுல ஒரு சத்தமும் இல்லாம நிக்கணும், ரெண்டு பேரும்."

சரி என்றேன். வைத்ததும் சாவியைத் தேடி எடுத்துவிட்டேன். வண்டியில் உட்கார்ந்து இன்ஜினைக்கூடப் போட்டுவிட்டேன். அப்புறம் அவன் சொன்னது ஞாபகம் வந்து அணைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.