ஒற்றுப்பிழை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய ஒரு வரியால் ஓர் ஆள் செத்துப்போனார். அந்த வரி இது: ‘மலையில் இடி மின்னல் வந்தால் பதறாதீர்கள், குடைபோல் கவிந்த பாறையின் மடியில் ஒதுங்கிக் கொள்ளுங்கள்.’

அலுவலக ஊழியர்களை மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகும் நிறுவனம் ஒன்றை என் அக்கா நடத்துகிறாள். உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது, பாதுகாப்பு விதிகளைப் புத்தகமாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

“நீதான் எழுதுறவனாச்சே. எழுதிக் குடுடா,” என்றாள்.

நான் மலை ஏறியதில்லை. (மூன்றாவது மாடிக்கே லிஃப்ட் எங்கே என்று தேடுகிறவன்.) அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகப் படித்து, பத்து நாளில் நாற்பது பக்கம் எழுதினேன். மின்னல் வரியை முடித்துவிட்டு எழுந்து போய் டீ குடித்தேன். அவ்வளவு திருப்தி.

2

‘கருமேகங்கள் யானைக் கூட்டம்போல் முகட்டை…’

[வேண்டாம். அந்த வரியை எழுதிய கைதான் இதையும் எழுதுகிறது.]

நடந்தது இவ்வளவுதான். ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர் போயிருந்தார்கள். வழிகாட்டி ஒரு பெண். எல்லோருக்கும் அவர் ‘கேப்டன்’. மதியம் இரண்டரைக்கு, முகட்டுக்குச் சற்றுக் கீழே இடி கேட்டது. நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையின் அடியில் கேப்டன் எல்லோரையும் உட்காரவைத்தார். ஏழெட்டு நிமிடத்தில் மின்னல் பாறையின் உச்சியில் விழுந்து, உட்கார்ந்திருந்தவர்கள் வழியாகத் தரைக்குப் போனது. கம்பெனியின் கிடங்கு மேலாளர், நாற்பத்தொரு வயது, சாய்ந்து உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பியிருக்கிறார்.

(கடைசி வாக்கியம் என் கற்பனையில்லை. கற்பனையாக இருந்திருக்கலாம்.)

3

இந்த இடத்தில் கேப்டனைக் கொஞ்சம் அலட்சியமானவராக எழுதிப் பார்த்தேன். எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் நான் பார்த்தவர் அப்படி இல்லை. இரண்டு பாதங்களிலும் கட்டு. இடது காது கேட்கவில்லை என்று என்னை வலப்பக்கம் உட்காரச் சொன்னார்.

“மின்னல்னா பாறைக்கு அடியில ஒதுங்கக் கூடாது சார். பதினாலு வருஷமா நான் கீழே இறக்கி, ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளித்தான் குத்தவெச்சு உக்கார வெப்பேன்.”

“அப்புறம் ஏன்…”

“புத்தகத்தை மீறினா வேலை இல்லைன்னு உங்க அக்கா சொல்லிட்டாங்க. அன்னிக்குக் கீழே இறங்கலாம்னு சொன்னேன். ஒருத்தர் பையிலேருந்து புத்தகத்தை எடுத்து, ‘இதுல ஒதுங்கச் சொல்லித்தானே போட்டிருக்கு’ன்னு காட்டினார். படிச்சவங்க எழுதினதாச்சே, நம்மதான் தப்பாப் புரிஞ்சு வெச்சிருக்கமோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

தலையணையிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே சொன்னேனே சார். உங்க அக்கா படிச்சுப் பாக்கக் குடுத்த தாள்ல அந்த வரிக்குக் கீழே பென்சில்ல கோடு போட்டு, ‘தப்பு’ன்னு எழுதி அனுப்பினேனே. நீங்க பாக்கலையா?”

4

பார்த்திருந்தேன்.

கோட்டைப் பார்த்ததும் வரியை மூன்று முறை படித்தேன். ‘ஒதுங்கி கொள்ளுங்கள்’ என்று இருந்தது. நடுவில் ஒரு ‘க்’ விட்டுப்போயிருந்தது. மலை ஏறுகிறவருக்கு இவ்வளவு இலக்கணமா என்று வியந்து, அந்த ‘க்’கைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பினேன்.

[இதை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும், மேலே உள்ள பத்தியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கண் தானாகத் தேடியது.]

“அந்தப் பென்சில் தாளைக் கிழிச்சுப் போட்ருடா,” என்றாள் அக்கா. “போனவர் திரும்பி வரப்போறதில்ல. முப்பது பேர் என்னை நம்பி இருக்காங்க.”

அவளைக் கெட்டவளாக எழுதவும் கை வரவில்லை. அவள் சாப்பிட்டு மூன்று நாள் ஆகிறது என்று அத்தான் சொன்னார்.

5

தாளைக் கிழிக்கவில்லை. விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் தாளையும் புத்தகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்.

“நீங்க மலை ஏறியிருக்கீங்களா?”

“இல்ல.”

பேனாவை மூடி வைத்தார். கூப்பிடும்வரை வெளியே உட்காரச் சொன்னார்.

வெளியே ஒரே ஒரு பெஞ்சு. அதில் கிடங்கு மேலாளரின் மனைவி உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளில் வந்த படத்தால் எனக்கு அவரைத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது. நான் நிற்பதைப் பார்த்து, பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை மடிக்கு மாற்றி இடம் விட்டார்.

“உங்க வீட்லயும் யாராவது போயிருந்தாங்களா?” என்று கேட்டார்.

இதற்கு நான் சொன்னதாக மூன்று பதில்கள் எழுதினேன். ஒன்றில் உண்மையைச் சொல்கிறேன். ஒன்றில் ஆமாம் என்று தலையசைக்கிறேன். இன்னொன்றில் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறேன். மூன்றும் நன்றாக வந்திருந்தன. அதனாலேயே மூன்றையும் அடித்துவிட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.