உப்புக் கோட்டை, ஏழாம் பாகம்

புத்தகம் மறுபடியும் தள்ளிப்போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் எங்கள் வாசகர் குழுவில் ஒரே ஒருத்தர்தான் சந்தோஷப்படுவார். ஏசி மெக்கானிக் சாந்தோ. மற்றவர்கள் எல்லோரும் எழுத்தாளரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அந்த அம்மாள் ஏதோ ஒரு குளிர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு, 'உப்புக் கோட்டை'யின் கடைசிப் பாகத்தை எழுதுவதாகச் சொல்லி எங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். முதலில் கைவலி என்றார். அப்புறம் வீடு மாறினார். அதற்கும் அப்புறம், எழுதியதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருப்பதாக அறிவித்தார். அன்றைக்கு நான் மனம் வெறுத்துப்போய் கோழிக்காலை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். சாந்தோ அதையும் எடுத்துத் தின்றார்.

"நல்லதுதானே கிளெண்டா, அவசரப்பட்டு எழுதினா கெட்டுப்போயிடும்" என்றார், எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

"கூயா, நீங்க படிக்கிற ஆளா, இல்ல அந்தம்மாவுக்கு வக்கீலா?" என்றான் ஜோமார். எங்கள் ஊரில் அண்ணனைக் கூயா என்போம், அக்காவை ஆத்தே. அவன் கால் சென்டரில் ராத்திரி வேலை பார்க்கிறவன். கண் சிவந்துதான் வருவான். வாய் மட்டும் களைக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூபாவ் பேட்டையிலுள்ள கோழிக்கடை மாடியில் கூடுவோம். ஏழாவது கதவைத் திறக்கப்போவது யார், கப்பல் தலைவன் ஓர்வென் ஆறாம் பாகத்தில் நிஜமாகவே செத்தானா, இதுதான் பேச்சு. வளர்ந்த மனிதர்கள், பிள்ளை குட்டி உள்ளவர்கள், இல்லாத ஒரு கோட்டைக்காக மேஜையைத் தட்டிச் சண்டை போடுவோம். எனக்கு இதில் வெட்கம் கிடையாது. பகலெல்லாம் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, பயந்து நடுங்கிக்கொண்டிருக்கிற முகங்களைப் பார்க்கிறவள் நான். ஓர்வெனின் முகம் அவற்றைவிட நன்றாக இருக்கும்.

சாந்தோவின் சந்தோஷத்துக்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி மாரிசெல் ஆக்லாந்தில் முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஆறாம் பாகம் வந்த வருஷம் போனாள். அதுவரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் புத்தகங்களைப் படித்தார்கள். அவள் துணிக்கு இஸ்திரி போட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். ராணிக்கு ஒரு குரல், பூதத்துக்கு ஒரு குரல். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று ஒருதரம் எட்டிப் பார்த்தார்களாம். கிளம்பும்போது விமான நிலையத்தில் மாரிசெல் சொன்னாள், "ஏழாவது வர்றதுக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் நீ தனியா தொடக்கூடாது. சேர்ந்துதான் முடிக்கிறோம்." நானும்தான் வழியனுப்பப் போயிருந்தேன். கேட்டேன்.

ஆக, புத்தகம் வராத வரைக்கும் மாரிசெல் சொன்ன சொல் தவறியதாக ஆகாது. அவள் வேலை ஒப்பந்தம் நீண்டது, புத்தகமும் தள்ளிப்போனது. அவள் ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை, ஆனால் தாமதமாகவும் ஆகவில்லை. அந்த அம்மாள் எழுதாமல் இருந்தது சாந்தோவுக்குச் செய்த பெரிய உபகாரம்.

போன மழைக்காலத்தில் தேதி அறிவித்துவிட்டார்கள். அட்டைப்படமும் வந்தது. குழுவே குதித்தது. சாந்தோ அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போய் மாரிசெல்லைக் கூப்பிட்டு வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் சொன்னார்.

"முயற்சி பண்றேன்னு சொல்லியிருக்கா."

நான் ஜோமாரைப் பார்த்தேன். ஜோமார் மேஜையைப் பார்த்தான். எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. முயற்சி பண்றேன் என்போம். விருந்துக்குக் கூப்பிட்டவர் புரிந்துகொண்டு ஒரு நாற்காலியைக் குறைத்துப் போடுவார், யாருக்கும் மனவருத்தம் இல்லை. நானே எத்தனையோ ஞானஸ்நான விருந்துகளுக்கு முயற்சி பண்ணியிருக்கிறேன். சாந்தோவும் பண்ணியிருப்பார். இது அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. இருந்தும் மனிதர் நாற்காலியைக் குறைக்கவில்லை.

வெளியீட்டு நாள் காலையில் நான் போனபோது பேரங்காடியின் மூடிய கதவுக்கு வெளியே வரிசை வளைந்து நின்றது. சாந்தோ முன்பக்கமாகவே நின்றிருந்தார். சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் தரையில் ஒரு ஜோடி ரோஸ் நிற ரப்பர் செருப்பு. மாரிசெல்லுடையது. எங்கள் வரிசைகளில் செருப்போ குடையோ வைத்தால் ஆள் நிற்பதாகத்தான் கணக்கு. யாரும் தாண்ட மாட்டார்கள். ஜோமார் எனக்காகத் தன் முதுகுப்பையை அந்தச் செருப்புக்குப் பின்னால் வைத்து இடம் பிடித்திருந்தான். நான் போய் நின்றேன்.

"கூயா, ஆத்தே மாரிசெல் எங்க?" என்றான் ஜோமார் மெதுவாக.

"வந்துகிட்டே இருப்பா."

"போன் பண்ணாங்களா?"

"ரெண்டு நாளா பதிலே போடல." அவர் முகம் மலர்ந்தது. "புரியலியா உனக்கு? சொல்லாம வந்து நிக்கப்போறா. அவ குணம் அது."

இதுவும் எங்கள் ஊர் வியாதிதான். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதும், வீட்டில் உள்ளவர்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுவதும், அதைப் பக்கத்தில் ஒருத்தர் படம் பிடித்துப் போடுவதும் நாள்தோறும் பார்க்கிறோம். அதனால் யாராவது இரண்டு நாள் பேசாமல் இருந்தால் கோபமோ என்று நினைக்க மாட்டோம். விமானத்தில் இருக்கிறார்கள் என்று நினைப்போம். அவரிடம் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றவில்லை. சொன்னால் கேட்கிற முகம் இல்லை அது.

சாந்தோ குனிந்து செருப்பைப் படம் எடுத்தார். "உன் செருப்பு வரிசையில நிக்குது, சீக்கிரம் வா" என்று எழுதி அனுப்பினார்.

கதவு திறந்தது. வரிசை நகர்ந்தது. ஒவ்வோர் அடிக்கும் சாந்தோ திரும்பி, காலால் அந்தச் செருப்பை மெல்ல முன்னால் தள்ளினார். முதலில் இடது, அப்புறம் வலது. ஜோமார் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. புத்தகக்கடைக்குள் நுழைந்து, கல்லாவுக்கு முன்னால் ஐந்தாறு பேர்தான் இருந்தபோது அவருடைய போன் அடித்தது. மாரிசெல். முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு. பின்னால் இருந்த எனக்கும் திரை தெரிந்தது.

"எந்த வாசல்ல நிக்கிற?" என்றார் சாந்தோ.

"வீட்ல இருக்கேன். செருப்புப் படம் பார்த்தேன்." அவளுக்குப் பின்னால் சமையலறை தெரிந்தது. "சாந்தோ, நான் வரல. லீவு கேக்கவே இல்ல."

"கேக்கவே இல்லியா."

"இங்க ஒரு கடையில முந்தாநாளே அந்தப் புத்தகத்த வெளிய எடுத்து வச்சிட்டாங்க. வாங்கினேன். படிச்சும் முடிச்சிட்டேன்."

பின்னால் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி 'ஐயோ' என்றாள். ஜோமார் உடனே இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"சேர்ந்துதான் முடிக்கிறோம்னு சொன்னியே."

"சொன்னேன். வாங்கும்போது அது ஞாபகத்துக்கே வரல. பாதிக்கு மேல படிச்சப்புறம்தான் வந்தது. அதுக்கப்புறமும் மூடி வைக்கல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "செருப்பப் பார்த்தப்புறம் பொய் சொல்ல வாய் வரல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம், டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமாக முயற்சி பண்ணிக்கொண்டிருந்தவள் இன்றைக்கு, இந்த வரிசையில் வைத்தா உண்மை பேச வேண்டும்? போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் சாந்தோ அதைக் கண்ணாடிக் கோப்பை மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சரி, முடிவு என்ன? சொல்லு" என்றார்.

வரிசை கொந்தளித்துவிட்டது. "கூயா, வெளிய போய்ப் பேசுங்க!" "கையெடுத்துக் கும்பிடறேன், இங்க வேணாம்!" ஒருவர் தலைமேல் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஒருத்தி உரக்கப் பாட ஆரம்பித்தாள். இவ்வளவு வருஷம் காத்திருந்துவிட்டுக் கல்லாவுக்கு முன்னால் கதை கெட்டால் யாருக்குத்தான் தாங்கும்? காவலாளி மட்டும் தடியோடு பக்கத்தில் வந்து ஆர்வமாக நின்றார். அவர் அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை.

நான் காதைப் பொத்தவில்லை. அவரைத் தனியாக விட மனமில்லாமல் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். கை எழவில்லை, அவ்வளவுதான்.

"வேணாம் சாந்தோ, நீயே படி."

"நீ சொல்லு."

அவள் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "ஓர்வென் சாகல. ஏழாவது கதவை அவன்தான் திறக்கிறான். எல்லாரையும் உள்ள அனுப்பறான். அவன் மட்டும் போகல. வெளியிலேர்ந்து மூடிடறான்."

"யாருக்காக வெளிய நின்னான்?"

"யாருக்காகவும் இல்ல. அவனுக்கு வெளியதான் பிடிச்சிருந்தது."

"இதுக்கா இத்தனை வருஷம்? முட்டாத்தனமா இருக்கே."

"கேக்கறப்ப அப்படித்தான் இருக்கும். படிக்கிறப்ப சரியாத்தான் இருந்தது."

"உள்ள அவன் பொண்டாட்டி இருந்தாளே."

"இருந்தா."

"அவ என்ன பண்ணா?"

"அவளப் பத்தி அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதல."

"அடப்பாவி" என்றார் காவலாளி.

சாந்தோ அவரைப் பார்த்துத் தலையாட்டினார், கதையில் ஒத்துப்போகிறவர் மாதிரி. பிறகு திரையைப் பார்த்துக் கேட்டார். "உனக்கு அங்க பிடிச்சிருக்கா மாரிசெல்?"

"பிடிச்சிருக்கு" என்றாள். 'முயற்சி பண்றேன்', 'பார்க்கலாம்' எதுவும் அதில் இல்லை.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"சரி." போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவருக்கு முன்னால் இப்போது ஒருவர்கூட இல்லை. கல்லாவில் இருந்த பெண் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். நல்ல பருமன், நீல அட்டை, பார்க்கவே கை துறுதுறுத்தது. சாந்தோ அதைக் கையில் வாங்கி, பின்னட்டையைத் திருப்பிப் பார்த்து, அவளிடமே கொடுத்துவிட்டார். செருப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஜோமார் காதிலிருந்து விரலை எடுத்தான். "என்ன கூயா, போறீங்க? இடம் போயிடுமே!"

"போகட்டும்டா" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஏசி ரிப்பேர் முடித்துக் கிளம்புகிறவர் போல என்னிடமும் ஒரு தலையசைப்பு. பிறகு வரிசையில் நின்றவர்கள் அவருக்காக ஒதுங்கினார்கள். பாதிப் பேர் இன்னும் காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. கல்லாப் பெண் "அடுத்தது" என்றாள். வரிசை ஒரே சமயத்தில் இரண்டு இடம் முன்னால் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.