குப்பம்மாவின் பெயரில் ஒரு பூஞ்சை

அலையாத்திச் செடிகளில் செத்துத் தொங்கிய எறும்புகளை லுப்னாவுக்குக் காட்டிக்கொடுத்தது குப்பம்மாதான். எண்ணூர் கழிமுகத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். லுப்னா வண்ணாரப்பேட்டைப் பெண். முனைவர் பட்டத்துக்காக இலைப் பூஞ்சைகளைத் தேடி அங்கே வந்துகொண்டிருந்தாள்.

"இலை கெடக்கட்டும் பாப்பா, இத்த பாரு. எறும்பு கடிச்சிகினே செத்துப்போயி கீது. பொடனிலேர்ந்து இன்னாமோ மொளச்சிக்கினு வருது."

லுப்னா இலையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டெறும்பு ஒன்று இலை நரம்பைத் தாடையால் பூட்டியபடி காய்ந்திருந்தது. அதன் கழுத்துக்குப் பின்னால் மயிரிழை போல ஒரு காம்பு. எறும்பின் உடம்புக்குள் புகுந்து, அதைப் புற்றிலிருந்து கிளப்பி, செடியில் ஏறிக் கடிக்கவைத்து, பிறகு கொன்று தின்னும் பூஞ்சை வகை. மலைக்காடுகளில் இருப்பதாகப் படித்திருக்கிறாள். உப்புத்தண்ணீர் ஓரத்தில் யாரும் பார்த்ததில்லை.

இரண்டு வருடம் ஆனது. குப்பம்மா இடுப்பளவு சேற்றில் இறங்கி அறுபத்தோரு எறும்புகளை இலையோடு கிள்ளிக் கொடுத்தாள். லுப்னா நுண்ணோக்கியில் வித்துகளை ஒவ்வொன்றாக அளந்தாள். மரபணு மாதிரியைப் பெங்களூருக்கு அனுப்பினாள். தெரிந்த எந்த இனத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் மேத்யூ மூன்று முறை சரிபார்த்துவிட்டு, "புது இனம்தான். பேர் வை" என்றார்.

லுப்னா குப்பம்மாவின் பெயரை வைத்தாள்.

"அந்தம்மாகிட்ட கேட்டியா?"

"சந்தோஷப்படுவாங்க சார்."

கேட்கவில்லை. கட்டுரை அச்சான பிறகுதான் போய்ச் சொன்னாள். குப்பம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "எம்பேரா? எறும்ப சாவடிக்கிறதுக்கா?" என்று கூட இறால் தடவும் பெண்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கல்லூரி பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பியது. குப்பம்மா இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை லுப்னாதான் கொடுத்தாள். நான்காம் நாள் ஒரு யூடியூப் சேனலில் அந்தப் படம் வந்தது. 'மூளையைத் தின்னும் குப்பம்மா பூஞ்சை! எண்ணூர் மக்கள் பீதி!'

மறுநாள் கல்மண்டபம் சந்தையில் குப்பம்மா கூடையை இறக்கியபோது, வழக்கமாக வாங்கும் அஜீசுன்னிசா பாதி குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள். பக்கத்திலிருந்தவள் ஃபோனைக் காட்டினாள். "இவதான்க்கா அது. கைய வெச்சிடாத." மத்தியானம் வரை ஒருவரும் வரவில்லை. இறால் வெயிலில் சிவந்து நாறியது. மூன்றே நாளில் எண்ணூர் இறால் எதையுமே யாரும் தொடுவதில்லை என்றாகிவிட்டது.

குப்பத்துத் தலைவர் பக்தவச்சலம் கூட்டம் போட்டார். லுப்னா ஓடிவந்து, இது எறும்பைத் தவிர வேறு எதற்கும் வராது, மனிதருக்கு வரவே வராது என்று தொண்டை கிழியச் சொன்னாள்.

"வீடியோ போட்டவன் இத்த கேப்பானா?" என்றார் அவர்.

வீடியோவை நீக்கச் சொல்லி லுப்னா ஏற்கெனவே அந்தச் சேனல்காரர்களிடம் கேட்டிருந்தாள். ஒன்பது லட்சம் பேர் பார்த்ததை எப்படி நீக்குவது என்று சிரித்திருந்தார்கள்.

"அப்ப நாங்க ஒரு வீடியோ போடறோம். குப்பம்மா, உம்பேர்லதான கீது? அந்தச் செடிங்கள நீயே வெட்டு" என்றார் பக்தவச்சலம்.

மறுநாள் காலை அவள் அரிவாளோடு சேற்றில் இறங்கினாள். கரை முழுக்க ஃபோன்கள். அவளோடு இருபது வருடம் இறால் தடவியவர்கள், "அந்தாண்ட வுட்டுட்ட பாரு, அதையும் வெட்டு" என்று கத்தினார்கள். பூஞ்சை பிடித்த எறும்புகள் இருந்தது அந்த ஒரு அலையாத்தித் திட்டில்தான். வேறெங்கும் கிடைத்ததில்லை. லுப்னா வந்து சேர்ந்தபோது பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. அவள் செருப்போடு சேற்றில் பாய்ந்தாள். பாய்ந்தவள், விழுந்த கிளைகளிலிருந்து எறும்புள்ள இலைகளைக் கிள்ளிக் கிள்ளிக் காகித உறைகளில் போட ஆரம்பித்தாள்.

குப்பம்மா வெட்டுவதை நிறுத்தினாள்.

"என்ன கரையேத்த வந்தியோன்னு பாத்தேன்."

லுப்னா கையிலிருந்த உறையை மூடிக்கொண்டு நின்றாள்.

"பேர மாத்திடு பாப்பா."

"முடியாதுக்கா. ஒருதபா அச்சாயிட்டா மாத்த முடியாது. அதான் சட்டம்."

"எந்த ஊரு சட்டம்?"

"உலகத்துக்கே."

குப்பம்மா மிச்சத்தை வெட்டினாள். அந்த வீடியோவும் பரவியது. பத்து நாளில் மற்றவர்களின் இறால் விற்க ஆரம்பித்தது. குப்பம்மாவை மட்டும் யாரும் தண்ணீரில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் இறங்கினால் மற்றவர்கள் கரையேறினார்கள்.

அடுத்த வருடம் லுப்னாவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் குப்பம்மா கூட்டிப் பெருக்குவதாகக் கேள்விப்பட்டு, ஸ்வீட் டப்பாவோடு போனாள். குப்பம்மா துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

"அது இன்னும் உசிரோட கீதா?"

"காலேஜ்ல கண்ணாடிக் குப்பியில வளருதுக்கா. உலகத்துலயே அங்க மட்டுந்தான்."

"கொன்னுடு."

லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி உள்ளே வந்தது. லுப்னா ஒதுங்கி வழிவிட்டாள்.

"முடியாதுக்கா" என்றாள் கடைசியில்.

"அப்ப இங்க வராத."

குப்பம்மா லாரி கிளப்பிய புழுதிக்குள் பெருக்கிக்கொண்டே போனாள். லுப்னா டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, தான் பாடம் எடுக்க வேண்டிய மூன்றரை மணி வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் ஆட்டோவைக் கைதட்டி அழைத்தாள்.