ஒரு கேன் கடல்தண்ணீர்

பாடை தெருமுனை திரும்பியதும் பூமயில் அத்தை குடங்களைக் கவிழ்க்கத் தொடங்கினாள். சாவு விழுந்த வீட்டில் பழைய தண்ணீர் ஒரு சொட்டு மிஞ்சக்கூடாது. குடம், அண்டா, கோழிக்கு வைத்திருந்த சட்டி எல்லாம் வாசலில் காலியாயின. கடைசியாக ஜன்னலோரம் இருந்த கண்ணாடித் தொட்டியைத் தூக்கினாள்.

"இது என்னத்தா, ரிப்பன் மாதிரி சுருண்டு கெடக்கு?"

"கடல் நத்தை முட்டை அத்தை. ஊத்திருங்க" என்றாள் பூங்கோதை.

கல்லூரி ஆராய்ச்சிக்காக ஓடில்லாத கடல்நத்தைகளை வளர்க்கிறவள் அவள். பொங்கல் விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டிவிட்டதால் முட்டைச்சரத்தையும் மைக்ராஸ்கோப்பையும் சொந்த ஊரான சிக்கலுக்கே தூக்கி வந்துவிட்டாள். முட்டையிட்ட நத்தை மறுநாளே செத்துப்போனது. தினமும் கடல்தண்ணீர் மாற்றாவிட்டால் கருக்களும் போய்விடும். அவளுடைய அய்யா குருநாதனுக்கு வயலைவிட இதுவே பெரிய சோலியாகிவிட்டது. விடிந்ததும் மொபெட்டில் வாலிநோக்கம் கடற்கரைக்குப் போய் ஒரு கேன் மொண்டு வருவார்.

இந்த நத்தை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கும் என்று அவள் சொன்னதை நினைத்து நினைத்து, "ஆணும் அதுதான், பொண்ணும் அதுதானா? அப்ப மாப்பிள்ள பாக்கிற அலைச்சலே இல்ல" என்று சிரிப்பார். அப்புறம் ஒரே கேள்வி: "கண்ணு வந்துருச்சா?" கருவில் இரண்டு கரும்புள்ளி விழுந்தால் பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று மகள் சொல்லியிருந்தாள்.

"அப்பனுக்கும் மகளுக்கும் வேற வேலையில்ல" என்று அம்மா ஈஸ்வரி ஏசாத நாளில்லை.

நேற்றுக் காலையும் கேட்டார்.

"இன்னும் இல்லைய்யா" என்றாள், மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமல்.

"நெஞ்சு கரிக்குது. குடிக்கத் தண்ணி கொண்டாத்தா."

"இந்தா வாரேன்யா."

அவள் சொம்போடு வாசலுக்குப் போகப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. அவர் கேனில் சாய்ந்தபடி கிடந்தார். ஒரு கேன் தண்ணீர் சுமந்து வந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. இப்போது அந்த முட்டைகளைக் கண்கொண்டு பார்க்க அவளால் முடியவில்லை.

"ஊத்துங்க அத்தை!"

"மதினி, அத வைங்க." மூலையில் உட்கார்த்தி வைத்திருந்த ஈஸ்வரி எழுந்து வந்தாள்.

"எழவு வீட்டுத் தண்ணி ஈஸ்வரி..."

"அது அவுக கொண்டாந்தது."

பூமயில் தொட்டியை வைத்துவிட்டாள். ஈஸ்வரி வாசலில் மூடி திறக்காமல் நின்ற கேனைத் தானே இழுத்துவந்து மகள் முன்னால் வைத்தாள்.

"மாத்து."

"அம்மா, அய்யா தண்ணி கேட்டாக. நான் குடுக்கல."

"தெரியும். நானும் அடுப்படியிலதான இருந்தேன், எனக்கும் கேட்டுச்சு. மாத்து."

பூங்கோதை மாற்றினாள். பழக்கத்தில் சரத்தின் ஒரு துணுக்கை வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கரு சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளி.

"கண்ணு வந்துருச்சா?" என்றாள் ஈஸ்வரி.

பூங்கோதை நகர்ந்து இடம் விட்டாள். ஈஸ்வரி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து, ஈரமாகிவிட்ட மைக்ராஸ்கோப் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். மறுபடி குனிந்தாள்.