துரைக்குப் பழக்கிய சொல்

துரை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே தையல்காரர் கத்தரிக்கோலை மேசைமேல் போட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

துரை ஒரு கிளி. அவர் மனைவியின் தங்கை வேலை மாற்றலாகிப் போகும்போது அக்காவின் தலையில் கட்டிவிட்டுப் போனது. கூண்டில் அடைத்தால் தொண்டை கிழியக் கத்தும். திறந்துவிட்டால் சத்தம் போடாது, வாலைத் தூக்கும். முன்னறை முழுக்கத் துணி. அன்றைக்கு எச்சம் விழுந்தது ஒரு பள்ளிக்கூடத்துக்கே சட்டை தைக்க வந்திருந்த வெள்ளைத் துணியில்.

அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சுதான். ஆனாலும் மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பத்தொன்பது வருஷமாக "அசையாதீங்க", "மூச்ச இழுத்துப் பிடிங்க", "இப்ப விடுங்க" என்று ஊரையே ஆட்டிவைக்கிறவளுக்கு, ஒரு பிடி கிளியை வழிக்குக் கொண்டுவர முடியாதா?

பழக்க ஆரம்பித்தாள். துரை ஒரு அடி பின்னால் வைத்து, குந்தி, இறகைச் சிலிர்த்தால் அதுதான் நேரம். அந்தக் கணத்தில் கையில் ஏந்திக் குளியலறைக்கு ஓடுவாள். அங்கே பழைய செய்தித்தாள் விரித்த ஒரு தட்டு. அதன்மேல் நிறுத்தி, "ஆகட்டும்" என்பாள். ஆனதும் ஒரு சூரியகாந்தி விதை. வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இதே ஓட்டம். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, வாசலில் ஆள் நின்றாலும் சரி.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைய ஒரு நாள் இப்படிக் கவனிச்சிருக்கியா?" என்றார் தையல்காரர்.

"நீங்க துணி மேல போகலையே!"

ஒரு மாதத்தில் துரை தேறிவிட்டது. தட்டில் நிறுத்தி அவள் சொல்கிற வரைக்கும் ஒரு பொட்டு விழாது. ஆஸ்பத்திரியில் உடன் வேலை பார்ப்பவளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். காலை ஏழு மணிக்குப் போய்ப் பதினொன்றுக்கு ஒரு நடை வீட்டுக்கு வந்து திரும்புவாள். அந்த இடைவெளியில் எங்கேயாவது ஒரு மூலையில் போய்க்கொள்ளும் என்றுதான் நினைத்திருந்தாள். மூலைகளை அவள் பார்த்ததே இல்லை.

ஒரு நாள், அந்த உடன் வேலை பார்ப்பவள் காய்ச்சலென்று வரவில்லை. வெளியே வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. பதினொரு மணிக்கு அவளால் நகர முடியவில்லை. இரண்டரைக்கு வீட்டிலிருந்து போன் வந்தது.

"உன் துரை ஒரு மாதிரி இருக்கு. இறகெல்லாம் உப்பிப்போய் உக்காந்திருக்கு. விதை குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்குது."

"எச்சம் போட்டுச்சா?"

"எங்க போட்டுச்சு? காலைல நீ போனதுலேர்ந்து ஒண்ணும் இல்ல. தட்டுலதான் நிக்குது. ஒம்பது தரம் நானும் ஆகட்டும் ஆகட்டும்னு சொல்லிட்டேன். என்னைய ஒரு பார்வை பார்க்குது, அவ்வளவுதான்."

"போன அது காதுகிட்ட வைங்க" என்று சொல்லிவிட்டு, வராந்தாக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ஆகட்டும் துரை… ஆகட்டும்டா" என்றாள்.

"போனக் கொத்துது" என்றார் அவர்.

அடுத்த ஆள் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கும் வேலை செய்பவர், நெஞ்சு வலி. அவரைப் பலகையோடு ஒட்டி நிறுத்தி, தோளைச் சரிசெய்து, தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றாள். பொத்தானை அழுத்தினாள். படம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காலையிலிருந்து எத்தனை மணி நேரம்? ஏழரை. அவ்வளவு சின்ன உடம்பு.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏதோ முனகல். எட்டிப் பார்த்தால் மனிதர் கண் பிதுங்க, முகம் செக்கச் சிவந்து, அப்படியே பலகையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஐயோ, விடுங்க! விடுங்க!"

புஸ்ஸென்று விட்டார். "நீங்க சொல்லலையேம்மா" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. கோபமாகக்கூட இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

நேரே பெரிய டாக்டரிடம் போனாள். "சார், நான் போகணும். வீட்டுல துரைக்குக் காலைலேர்ந்து போகவே இல்ல."

"மாமனாரா?"

அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"ஓடுங்க. இதையெல்லாம் விட்டுவைக்கக் கூடாது. மேல்மாடிலேர்ந்து ஆளக் கூப்பிடறேன்."

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. நின்றால் சீக்கிரம் போய்விடும்போல. செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தையல்காரர் ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில், வெட்டாத புதுத்துணியின் மேல், துரை.

"எங்க வேணா போடான்னு சொல்லிட்டேன், இதுல போனாலும் பரவால்லன்னு சொல்லிட்டேன்" என்றார். "கேக்க மாட்டேங்குது."

அவள் அவருக்கு எதிரில் மண்டியிட்டாள். "ஆகட்டும்" என்றாள்.

துரை எழுந்தது, ஒரு அடி பின்னால் வைத்தது. போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. தையல்காரர் மடி நனைய அசையாமல் இருந்தார். அவள் அழுதாள்.

மறுநாள் கால்நடை மருத்துவர் துரையின் வயிற்றை அழுத்திப் பார்த்து, பிழைத்தது பெரிய விஷயம் என்றார். "அந்தச் சொல்ல இனி வாயிலயே எடுக்காதீங்க. அதுவா போகணும்."

பழக்கியதைவிட மறக்கடிப்பது பெரிய பாடாக இருந்தது. துரை தட்டில் நின்று அவள் வாயையே பார்க்கும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போவாள், வருவாள், பாத்திரத்தை எடுப்பாள், எடுத்த இடத்திலேயே வைப்பாள். தாங்க முடியாமல் இரண்டு தரம் சொல்லியும்விட்டாள். தையல்காரர் மேசையையும் மிஷினையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, கைக்கு வேண்டிய துணியை மட்டும் வெளியே எடுத்துத் தைத்தார்.

ஆறாம் நாள் அவள் ஜன்னலருகே நின்றபோது மேலேயிருந்து சொத்தென்று ஒரு சத்தம்.

மிஷின் நின்றது. "எங்க?" என்றார்.

"ஜன்னல் கம்பில. கொஞ்சம் உங்க துணியிலயும்."

"நீ சொன்னியா?"

"நான் வாயே திறக்கல."

"அப்ப சரி. துவைச்சுக்கலாம்" என்று மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

அவள் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எழுந்து போய், அடுத்தது எங்கே விழுகிறதென்று பார்த்துக்கொண்டு நின்றாள்.