ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி

மோட்டார்சைக்கிள் விபத்துக்குப் பிறகு எமில்ராஜின் வலக்கை விரல்கள் மடங்கவில்லை. குருநகர்க் கோயில் பாடகர் குழுவில் பத்து வருடம் வாசித்தவன், தன் பழைய சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டியைத் துணியால் மூடிவைத்துவிட்டான்.

கைபேசி திருத்தும் கடை வைத்திருந்த அவன் மனைவி லவீனா, ஒரு பின்னேரம் அந்தத் துணியை எடுத்தாள். சிந்தசைசரின் பின்பக்கத் துளையில் வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால், ஒரே கட்டையை அழுத்தியபடியே சுருதியை ஏற்றி இறக்கலாம். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அவள், தள்ளத் தள்ள மின்னழுத்தம் கூடும்படி நீளமான சறுக்குக் குமிழ் ஒன்றைப் பற்றரியோடு இணைத்து, வயரை அந்தத் துளையில் செருகினாள்.

"இஞ்சாருங்கோ, இடக்கையாலை கட்டையை அழுத்திக்கொண்டு, வலது உள்ளங்கையாலை இதைத் தள்ளுங்கோ."

அவன் தள்ளினான். பூனை கத்துவதுபோல் ஒரு சத்தம் எழும்ப, இருவரும் சிரித்துவிட்டார்கள். மேல் ஸ்தாயியின் 'ஸ' மட்டும் சுருதி சேராமல் சற்றுக் கீழேயே நின்றது. லவீனா சிந்தசைசரின் மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த சுருதி திருத்தும் சிறு திருகாணியைத் திருகத் திருக, அவன் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"இன்னும் கொஞ்சம்... ஓம், நில்லும்!"

பிறகு மெல்லத் தள்ளினான். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு ஒலி வழுக்கிக்கொண்டு போனது. கட்டைகளில் அவனுக்கு ஒருநாளும் கிடைக்காத குழைவு அது.

"ஞாயிறு ஒத்திகைக்கு இதைக் கொண்டு போவமோ?" என்றான்.

"முதலிலை ஒழுங்கா வாசியுங்கோ பாப்பம்."

பொழுதுபடும்வரை அவன் அந்தக் குமிழை விடவில்லை.