அணையாத சிவப்பு விளக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஏப்ரலை நம்புவதும் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதும் ஒன்றுதான். காலையில் பல்லிளிக்கும் வெயில், பத்து மைல் போவதற்குள் முகத்தில் ஆலங்கட்டி. ஆனால் அந்தப் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் புத்தி வருமா என்ன? பனி உருகுவதற்காகக் குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டிய உப்பை ஒரு நல்ல மழை கழுவிவிட்டால் போதும், வண்டியை வெளியே தள்ளிவிடுவார்கள்.

டுவேன் இந்த வருஷம் அந்த மழைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய மாதங்களில், வாந்தி எடுத்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் ஏப்ரலில் வண்டி எடுக்கணும் என்பான். வாளியைப் பிடித்திருந்த மனைவி மார்லிஸ் தலையாட்டுவாள். இன்று அவன் முன்னால், அவள் தன் வண்டியில் பின்னால். ஆற்றோர மலைச்சாலையின் முதல் வளைவில் அவன் சாய்ந்து திரும்பிய அழகைப் பார்த்தாள். மனுஷன் பிழைத்துவிட்டான் என்று அப்போதுதான் நம்பினாள்.

பிறகுதான் அந்த விளக்கைக் கவனித்தாள். நேரான சாலை, எதிரே ஈ காக்கா இல்லை, ஆனால் அவனுடைய பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. விரல் பிரேக்கை அழுத்துவதே தெரியாமல் ஓட்டுகிறான், பாவி! குளிரில் மரத்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இறக்கத்தில் ஆலங்கட்டி பிடித்துக்கொண்டது. பனியில் சறுக்காமலிருக்கக் குளிர்காலத்தில் போட்ட மணல் வளைவில் இன்னும் கிடந்தது. அளவு தெரியாமல் பிரேக்கை இறுக்கிவிட்டான். முன்சக்கரம் வழுக்கியது, காலை ஊன்றித் தப்பினான்.

வழியிலிருந்த மதுக்கடையில் ஒதுங்கினார்கள். கடைக்காரன் ஆர்டன் டுவேனைப் பார்த்ததும், "என்னடா, மேல இடம் இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்று வம்புக்கு இழுத்தான். டுவேன் சிரித்தான், கை விறைத்துப்போச்சு, பாழாய்ப்போன குளிர் என்றான். மார்லிஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே போய் அவன் வண்டியின் கைப்பிடியைத் தொட்டாள். உள்ளே சூடேற்றும் கம்பி வைத்த கைப்பிடி அது. சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

அப்படியானால் குளிர் இல்லை. அந்தப் புற்றுநோய் மருந்து விரல் நரம்புகளைத் தின்னலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எல்லாம் நல்லா இருக்கு என்று இவன் அவரிடம் சாதித்திருந்தான்.

உள்ளே அவன் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அடுத்த வாரம் எங்கே போகலாம் என்று ஆர்டனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. எதை நினைத்துப் பிழைத்தானோ அதையே பிடுங்குவதா?

"டுவேன், வழியெல்லாம் உன் பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

"வயர்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். கொதிக்குது."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு வண்டிச் சாவியை எடுத்து ஆர்டன் பக்கம் நகர்த்தினான். மழை விட்டதும் அவள் வண்டியில் அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். வாழ்நாளில் யார் பின்னாலும் உட்காராதவன்.

கொஞ்ச தூரம் போனதும், "மார்லிஸ், என் கை உன் இடுப்பைச் சுத்தித்தானே இருக்கு?" என்று கேட்டான்.

இருக்கவில்லை. "இல்ல" என்றாள். ஓரமாக நிறுத்தி, அவன் கைகளை முன்னால் இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"இப்பவும் எனக்கு ஒண்ணும் தெரியல" என்றான் அவன்.

"எனக்குத் தெரியுது" என்றாள் மார்லிஸ்.